ஹகோனே யொசெகி மேசைக் கடிகாரம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பல நிற மரத்துண்டுகளை ஒட்டிக் கோலமாக்கும் ஜப்பானிய மரவேலைதான் யொசெகி. யொசெகி மேசைக் கடிகாரம் வாங்குகிறவர்கள் முகப்பில் உள்ள வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. நெடுநாள் வைத்துப் புழங்கியபின் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஓடுவது எங்கும் கிடைக்கிற சாதாரண குவார்ட்ஸ் இயந்திரம். அது என்றாவது ஒருநாள் நின்றுபோகும், சொற்பக் காசுக்கு வேறு வாங்கிவிடலாம். கையால் செய்த மர உடல் அதைவிடப் பல மடங்கு காலம் நிற்கக்கூடியது. இயந்திரத்தைக் கழற்றவே முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருந்தால், வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

ஜப்பானில் கனகாவா மாகாணத்தின் ஹகோனே மலைப்பகுதியில் ஹதாஜூகு என்று ஒரு சிற்றூர். எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் இஷிகாவா நிஹேய் என்ற கைவினைஞர் அங்கே தொடங்கிவைத்த மரவேலை இது. 1984-இல் ஜப்பான் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. இதில் சாயம் கிடையாது. கண்ணில் படும் ஒவ்வொரு நிறமும் மரத்தின் சொந்த நிறம். மிசுகி மரம் வெண்மை, நிகாகி மஞ்சள், ஹோ மரம் சாம்பல் கலந்த பச்சை. கறுப்புக்கு நெடுங்காலம் மண்ணில் புதைந்து கறுத்துப்போன கட்சுரா மரத்தை எடுக்கிறார்கள்.

மரங்களை மெல்லிய சட்டங்களாக அறுத்து, முக்கோணம், சாய்சதுரம் என்று அச்சுக்கட்டையில் வைத்து இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டாக்குகிறார்கள். கட்டைக் குறுக்கே அறுத்து, துண்டுகளை மறுபடி சேர்த்து ஒட்டினால் ஒரு பெரிய பாளம் கிடைக்கும். அதன் மேற்பரப்பு முழுக்க சணல் இலை, மீன் செதில், ஆமை ஓடு என்று ஏதோ ஒரு கோலம் நிற்கும். பாளத்தின் மேல் அகலமான இழைப்புளியை ஒரே இழுப்பாக இழுத்தால் சுமார் 0.2 மி.மீ. தடிமனில் சுருள் வரும். அதை இஸ்திரி போட்டு நிமிர்த்தி, கடிகாரப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். இது ஸுகு முறை. பாளத்தையே லேத்தில் கடைந்து உடலாக்கினால் அது முகு. முகுவில் கோலம் உள்ளே வரைக்கும் போகும், விலையும் கூடுதல்.

எது வாங்கினோம் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் தொல்லையும் அமைகிறது. ஸுகு கடிகாரத்தில் பிரச்சினை விளிம்பில் வரும். பெட்டியின் மூலையில் மேலடுக்கு மெல்லத் தூக்கிக்கொள்ளும், துணியால் துடைக்கும்போது நூல் அதில் மாட்டும். மாட்டியதை இழுத்தால் ஒரு முக்கோணம் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். தூக்கியிருப்பது தெரிந்த அன்றே சரிசெய்வது எளிது. வெள்ளை மரப்பசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்து, கெட்டிக் காகிதத்தின் முனையில் தொட்டு அடுக்குக்குக் கீழே செலுத்துங்கள். வெளியே கசிந்ததை ஈரத்துணியால் உடனே ஒற்றியெடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, ஒரு கனமான புத்தகத்தை ஒரு இரவு ஏற்றி வைத்தால் போதும். சட்டென்று ஒட்டும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது மரத்தில் ஊறிக் கறை போடும், சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும், இரண்டும் போகாது. உப்புத்தாளும் தொடக்கூடாது, 0.2 மி.மீ. அடுக்கில் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லை.

முகு கடிகாரத்துக்கு எதிரி காற்றின் ஈரம் ஏறி இறங்குவது. பல மரங்களும் பல திசை நார்களும் ஒரே பாளத்தில் சேர்ந்திருப்பதால், காற்று உலரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். அப்போது இணைப்புகளில் தலைமுடி அளவு கோடு திறக்கும். நம் கடலோர ஊர்களில் பகலெல்லாம் புழுக்கம், இரவெல்லாம் ஏசி என்று இருக்கும் அறைதான் இதற்கு ஆகாத இடம். ஏசியின் காற்று நேரே படாத உள்சுவர் ஓர அலமாரி பாதுகாப்பானது. கோடு விழுந்துவிட்டால் அவசரப்பட்டு எதையும் அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

வெயில் இரண்டு வகைக்கும் பொது. ஜன்னலோரம் வைத்தால் ஹோ மரத்தின் பச்சை முதலில் பழுப்புக்குப் போகும், வெண்மை மஞ்சளிக்கும். புதிதில் பளிச்சென்று பிரிந்து நின்ற நிறங்கள் ஒரே தேன் நிறத்தை நோக்கி நெருங்கிவிடும். நிழலில் வைத்தாலும் இது நடக்கும், ஆனால் மெதுவாகவும் பரவலாகவும் நடப்பதால் உறுத்தாது. நேர்வெயிலில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறுவதுதான் அசிங்கம். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். ஸ்பிரிட், தின்னர், ஈர டிஷ்யூ, சிலிக்கான் பாலிஷ் எதுவும் அருகில் வரக்கூடாது.

இனி இயந்திரம். நொடி முள் 9-க்குப் பக்கத்தில் முன்னேறாமல் துடித்துக்கொண்டே இருந்தால் இயந்திரம் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் முள் படுக்கையாக நின்று மேலே ஏற வேண்டும், சுமை அங்கேதான் அதிகம். செல் தளர்ந்ததன் அடையாளம் அது. புது செல் போட்டும் துடித்தால் முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, மணி முள் முகப்பைத் தொடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மர முகப்பு லேசாக வளைந்தால் இது நடக்கும்.

இயந்திரத்தை மாற்றும்போது அளக்க வேண்டியது, முட்கள் மாட்டும் தண்டின் மரைப்பகுதி. முகப்பின் தடிமனைவிட 3 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட் பிடிக்காது. நட்டை முறுக்கும்போது வாஷர் சேர்ந்து சுழன்று மேலடுக்கைக் கிழித்துவிடும். அதனால் வாஷருக்குக் கீழே வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று போட்டு, விரலால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். முட்கள் மூன்றையும் 12-க்கு நேராக வைத்து மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அழுத்த வேண்டும். சிறிய கடிகாரங்களில் வட்டமான முழு இயந்திரத்தை மரக்குழிக்குள் செருகியிருப்பார்கள். குழி தளர்ந்தால் இயந்திரத்தைச் சுற்றி ஒரு சுற்று காகித டேப் ஒட்டினால் நிற்கும்.

ஜப்பானில் விற்கும் சில மாதிரிகள் வானொலி அலை மூலம் தாமே நேரம் திருத்திக்கொள்பவை. அந்த அலை ஃபுகுஷிமாவிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸிலும், ஃபுகுவோகா–சாகா எல்லையில் உள்ள மலையிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸிலும் வருகிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அதை நம்பிப் பயனில்லை. ஒருவேளை கிடைத்தாலும் ஜப்பான் நேரம்தான் காட்டும், நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அலை தேடித் தேடியே செல்லையும் தின்னும். கையால் திருத்தும் சாதாரண மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

அச்சிட்ட கோலத்தை ஒட்டி யொசெகி என்று விற்பதும் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து கடிகாரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையான வேலையில் ஒவ்வொரு துண்டின் நாரும் ஒவ்வொரு திசையில் ஓடுவதால், ஒரு முக்கோணம் மினுங்கும்போது பக்கத்திலிருப்பது மங்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இது மங்கி அது மினுங்கும். அச்சில் எல்லாம் ஒன்றாக மினுங்கி ஒன்றாக மங்கும். இணையத்தில் வாங்கினால் இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த காணொளி ஒன்று கேளுங்கள். பழைய கடிகாரமானால் செல் வைக்கும் இடத்தின் படமும் வேண்டும். கம்பிச்சுருளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் உள்ளே செல் கசிந்திருக்கிறது. இயந்திரத்தை மாற்றிவிடலாம். கசிவு மரத்தில் இறங்கியிருந்தால் மட்டும் வாங்க வேண்டாம்.