பிஜிசிஎல்ஐ: மூன்று வருடம் சேமித்த குவெரிகளும் காணாமல் போன ஒன்றும்

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் நேற்று கேட்டான்: "அண்ணா, போஸ்ட்கிரெஸுக்கு பிஜிசிஎல்ஐ போடட்டுமா, பிஎஸ்க்யூஎல்லே போதுமா?" இரண்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) அடித்து அனுப்பும் டெர்மினல் கருவிகள்; பிஎஸ்க்யூஎல் போஸ்ட்கிரெஸோடு வருவது, பிஜிசிஎல்ஐயைத் தனியாகப் போட வேண்டும். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் போடு என்றிருப்பேன்.

ஆட்டோ கம்ப்ளீட், கலர் எல்லாம் தெரிந்ததுதான். நான் அதை விடாமல் வைத்திருப்பது பெயரிட்டுச் சேமிக்கும் குவெரிகளுக்காக. பேக்ஸ்லாஷ் என்எஸ் (\ns), ஒரு பெயர், பக்கத்தில் குவெரி. அவ்வளவுதான். அப்புறம் பேக்ஸ்லாஷ் என் (\n) அடித்துப் பெயரைக் கொடுத்தால் ஓடும். 'ஸ்லோ' என்று ஒன்று வைத்திருக்கிறேன். இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று இப்போது என்னென்ன ஓடுகிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலிருந்து எடுத்துக் காட்டும். நிமிடம் வரும் இடத்தில் $1. 'ஸ்லோ 5' என்றால் 5 நிமிடம், 'ஸ்லோ 30' என்றால் 30. அந்த $1 மேற்கோளுக்குள் இருந்தாலும் வேலை செய்கிறது. டேட்டாபேஸுக்கு அனுப்பும் முன்பே எண்ணை அங்கே பொருத்திவிடுகிறது. நடு இரவில் போன் வந்து பாதித் தூக்கத்தில் உட்காரும்போதுதான் இதன் அருமை தெரியும். பிஎஸ்க்யூஎல்லில் இதையே பேக்ஸ்லாஷ் செட்டில் (\set, ஒரு பெயரில் எதையாவது வைக்கும் கட்டளை) எழுதினால், உள்ளே வரும் ஒவ்வொரு ஒற்றை மேற்கோளையும் இரண்டாக்க வேண்டும்.

சரி, கடுப்புக்கு வருகிறேன். சேமித்தவை எல்லாம் பிஜிசிஎல்ஐயின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்குள் போகின்றன. அந்த ஃபைலை, பிஜிசிஎல்ஐ தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கிறது. சேமிக்கும்போதோ, தன் நினைவில் இருப்பதை முழுசாக எழுதிவிடுகிறது. போன வாரம் யாருடைய பூட்டுக்காக (லாக்) யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் குவெரியை பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷனை வைத்து எழுதி, 'பிளாக்' என்று சேமித்தேன். மதியம், முந்தின நாளிலிருந்து திறந்தே கிடந்த இன்னொரு விண்டோவில் வேறொன்றைச் சேமித்தேன். அந்த விண்டோவின் நினைவில் 'பிளாக்' கிடையாது, அதன் பழைய பட்டியல் ஃபைலின் மேல் எழுதப்பட்டுவிட்டது. எரர் வரவில்லை, எச்சரிக்கையும் இல்லை. இரண்டு நாள் கழித்து இரவில் டேபிள் பூட்டிக்கொண்டு நிற்க, 'பிளாக்' என்று அடித்தால் அப்படி ஒரு குவெரியே இல்லை.

ஹிஸ்டரியில் கன்ட்ரோல் ஆர் போட்டுத் தேடிக் கண்டுபிடித்தேன். ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான், கிட்டில் (ஃபைலின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கருவி) போட்டு வைத்திருக்கலாம், அதுவும் உண்மை. காசு வாங்காமல் எழுதித் தருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் சேமிக்கிற கட்டளையே முன்பு சேமித்ததை அழித்தால், அவசரத்துக்கு அதை எப்படி நம்புவது?

தம்பியிடம் பிஎஸ்க்யூஎல் போதும் என்று சொல்லிவிட்டேன். 'ஸ்லோ' மாதிரி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அப்படியென்றால் எல்லா விண்டோவையும் மூடிவிட்டு கான்ஃபிக் ஃபைலில் கையால் எழுது, பேக்ஸ்லாஷ் என்எஸ் பக்கமே போகாதே என்றேன்.