ஆணியும் பானை ஓடும்: அருங்காட்சியகத்தில் ஒரு குடும்ப நாள்

மே 18, பன்னாட்டு அருங்காட்சியக நாள். அதையொட்டி எங்கள் நகரத்தின் சிறிய அருங்காட்சியகம் கோடை விடுமுறையில் நடத்திய குடும்ப நிகழ்ச்சிக்கு, பானை ஓட்டில் எழுதும் மேசைக்காகவே குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். உடைந்த மண்சட்டியின் ஓடு ஒன்றையும் ஆணி ஒன்றையும் கொடுத்து, தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்து அட்டவணையைப் பார்த்துத் தங்கள் பெயரைக் கீறச் சொல்கிறார்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளே 'க' என்பதால் சிலருக்கு வேலை எளிதாகத் தொடங்கிவிடுகிறது. அட்டவணையிலோ 'ஷ்' இல்லை. அந்த எழுத்தில்லாத பெயரை இன்றைய கொங்கு நாட்டுப் பிள்ளைகளிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், பெற்றோர் பலர் விழித்தார்கள். சுட்ட ஓட்டில் கோடு இழுக்கக் கை வலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள், பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த, கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழங்கால ஓடுகளின் ஒளிப்படங்களுக்கு முன் நின்று, அவற்றில் பெயர் கீறியவர்களின் கைத்திறனைத் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். எந்த விளக்கப் பலகையாலும் இதைச் செய்திருக்க முடியாது.

இதே நேர்த்தி மணி கோக்கும் மேசையில் இல்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் படியூர்ப் பச்சைக்கல்லும் சிவன்மலை நீலக்கல்லும் மணிகளாக்கப்பட்டன என்று வழிகாட்டி அழகாகச் சொன்னார். ஆனால் பிள்ளைகளின் கையில் கிடைத்தவை பிளாஸ்டிக் மணிகளே. பட்டை தீட்டாத கல் ஒன்றையும் துளையிடும்போது உடைந்த மணி ஒன்றையும் தொட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தால், அந்தத் தொழிலின் கடினம் தானே விளங்கியிருக்கும்.

ஓவியப் போட்டியை நிறுத்திவிடலாம். 'இயற்கையைக் காப்போம்' என்ற தலைப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் தொடர்பில்லை. பல தாள்களில் தூரிகை பிடித்ததும் குழந்தையின் கையன்று. முற்றத்தில் புலியோடு பொருதும் வீரனைச் செதுக்கிய புலிகுத்திக்கல் ஒன்று நிற்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை பேரும் மரம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

திட்டத்தில் இல்லாமலே சிறப்பாக நடந்தது ஒன்று. மாடு பூட்டிச் சால் என்னும் பெரிய வாளியால் கிணற்று நீரை இறைக்கும் கவலை இறைப்பின் மரமாதிரிக்கு அருகில் நின்ற ஓர் அப்பாரு, "மாடு பின்னால வந்தாச் சால் கெணத்துக்குள்ள எறங்கும், முன்னால போனா மேல வரும் கண்ணு" என்று தம் பேரனுக்குச் சொல்லத் தொடங்க, சிறிது நேரத்தில் அறையிலிருந்த பிள்ளைகளெல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாடு மிரண்டால் என்ன ஆகும், இரவிலும் இறைப்பீர்களா என்ற கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அடுத்த நிகழ்ச்சிக்கு இப்படிப்பட்ட பெரியவர்களை முறையாக அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைப்பது, போட்டிக்கான பரிசுக் கோப்பைகளை வாங்குவதைவிடச் செலவும் குறைவு, பயனும் மிகுதி.

நுழைவுக் கட்டணமும் முன்பதிவும் கிடையாது. குடிநீர் இருந்தது, கழிப்பறை தூய்மையாகவே இருந்தது. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே ஓட்டு மேசை பொருந்தும். அதனினும் சிறியவர்களுக்கு ஆணியைத் தனியே கொடுத்துவிட முடியாது. முற்றத்தில் நிழல் போதாது என்பதால் வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. ஓடுகளும் நண்பகலுக்கு முன்பே தீர்ந்துவிட்டன.