சாம்பாரில் ஏது கோதுமை?

கும்பகோணம் போனால் முதல் வேலை மெஸ் சாப்பாடு. ஆனால் இப்போது எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் பழந்துவாலையின் நூல்போல் மழுங்கிவிடும். வயிற்றுப்போக்கோடு போகாது, இரும்புச்சத்து ஏறாமல் சோகையும் பிடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, பார்லி வகையறாவையே தலைமுழுக வேண்டியதுதான்.

சப்ளையரிடம் விளக்கினேன். "மைதாதானே சார் ஆகாது? ரவா தோசை சொல்லட்டுமா?" என்றார். ரவையும் கோதுமைதான் தம்பி என்று சொல்லி முடிப்பதற்குள் இலையில் சாம்பார் விழுந்துவிட்டது. அந்த மணம்! லண்டனில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் கிடைக்காது. கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன பெருங்காயம் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், சரக்கு மாஸ்டரே வந்துவிட்டார். "நாற்பது வருஷமாகச் சமைக்கிறேன். சாம்பாரில் ஏது சார் கோதுமை?" டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் தூள் படிந்த டப்பா. துடைத்துப் பார்த்தால், எறும்பளவு எழுத்தில் கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மாவு கலப்பது வழக்கம். கட்டியிலும் உண்டு. பிரிட்டனில் இதே டப்பாவில் கோதுமை என்ற சொல் தடித்த எழுத்தில் கண்ணில் அறையும். உணவகங்களும் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் அங்கே எந்தச் சமையல்காரர் டப்பாவோடு மேசைக்கு வந்து சண்டை போடுகிறார்?

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். "பெருங்காயம் இல்லாமல் ரசமா?" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். பூண்டைத் தட்டிப்போட்டு, தனிப் பாத்திரத்தில், பரோட்டா புரளும் பக்கத்து அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கொதிக்கவிட்டார். புளியும் மிளகும் மூக்கில் ஏறின.

மறுநாள் உறவினர் வீட்டில் வேறு காரணத்துக்காக வயிறு கலங்கியபோது, பக்கத்துத் தெரு டாக்டர் என் நோயைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "இரண்டு நாள் பிரட் மட்டும் சாப்பிடுங்கள்" என்றாரே, அவரைவிட மாஸ்டர் எவ்வளவோ மேல். பில்லில் மட்டும் 'ஸ்பெஷல் ரசம்' என்று தனியாகத் தீட்டியிருந்தார்கள்.