மலைச்சரிவுக் கணக்குக்கு சிஜிஏஎல்: சர்வரில் பல வருடம் ஓட்டிய அனுபவம்

பினாங்கு மலைச்சரிவுகளை டிரோன் மூலம் அளந்து, அந்தப் புள்ளிகளை முக்கோண வலையாக்கி, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் சில சென்டிமீட்டர் என்றாலும் எனக்கு அது பெரிய விஷயம்தான்.

கணக்கு முழுவதையும் சிஜிஏஎல் என்ற சி++ வடிவியல் நூலகம்தான் செய்கிறது. 1996-இல் ஐரோப்பியத் திட்டமாகத் தொடங்கி, 2003-இல் திறமூலமானது. உபுண்டுவில் நிறுவ ஒரே கட்டளை போதும். 5.0 பதிப்பிலிருந்து தலைப்புக் கோப்புகள் (நம் நிரலோடு சேர்த்துக் கம்பைல் ஆகும் குறிநிரல்) மட்டும்தான். தனியாகக் கட்டவேண்டிய நூலகம் எதுவும் இல்லை. அதற்குத் தேவையான பூஸ்ட், ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் என்ற மற்ற நூலகங்கள் மூன்றும் கூடவே வந்துவிடும்.

சிரமம் கம்பைல் செய்யும்போது, அதாவது குறிநிரலை ஓடும் நிரலாக மாற்றும்போது வரும். டெம்ப்ளேட் (கம்பைலர் ஒவ்வொரு வகைக்கும் விரித்து எழுதும் பொது அச்சு) அவ்வளவு கனம். ஒரே கோப்புக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் ரேம் போய்விடும். சின்ன சர்வரில் நாலு கோப்பை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிடும். "அண்ணே, எரர் ஒண்ணும் காட்டல, பாதியில நின்னுடுச்சு" என்று புதிதாகச் சேரும் தம்பிமார் வந்து கேட்பது இதற்காகத்தான். ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்யுங்கள், ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) கொடுங்கள். நிரலைக் கட்ட உதவும் சிமேக் கருவியை விட்டு சொந்த மேக்ஃபைல் (கட்டும் கட்டளைக் கோப்பு) எழுதவேண்டாம்: ஜிசிசி கம்பைலருக்குத் தேவையான ரவுண்டிங் (எண்ணை முழுமையாக்கும்) அமைப்பை சிமேக் தானே சேர்த்துக்கொள்ளும். வேகத்துக்கான ரிலீஸ் முறையில் கட்டுவதும் கட்டாயம், இல்லாவிட்டால் வேகம் பரிதாபமாக இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு புள்ளி கோட்டுக்கு இடமா வலமா என்ற கேள்விக்கு சாதாரண தசம எண் கணக்கு சில சமயம் தவறான பதில் தரும்; அப்புறம் வலையே சிக்கலாகிவிடும். சிஜிஏஎல் முதலில் இடைவெளிக் கணிதத்தில் (விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்ற கணக்கில்) வேகமாகப் பார்க்கிறது, சந்தேகம் வந்தால் மட்டும் துல்லியக் கணக்குக்குப் போகிறது. இதனால்தான் அதை நம்புகிறேன். ஆனால் விடையைக் கோப்பில் எழுதும்போது கவனம் வேண்டும். தீபகற்ப மலேசிய வரைபடங்களுக்கான ஆர்எஸ்ஓ ஆயத்தில் பினாங்கின் வடக்கு மதிப்பு ஏறக்குறைய ஆறு லட்சம் மீட்டர். சி++ வழக்கமாக ஆறு இலக்கம்தான் எழுதும், ஆகவே தசமப் பகுதி முழுவதும் போய்விடும். துல்லியத்தை 17 இலக்கமாக வைத்தால் இது தீரும். எண்களை 32 பிட்டில் சேமிக்கும் பிஎல்ஒய் (முப்பரிமாண வலைக்கான) கோப்பிலோ அந்த அளவு எண்ணுக்கு அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளியே ஆறு சென்டிமீட்டர். நாங்கள் தேடும் நகர்வே அவ்வளவுதான்! சரிவுக்கு அருகே ஒரு உள்ளூர் மூலப்புள்ளியை வைத்து, அதன் மதிப்பை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழித்துவிட்டு வேலை செய்வதே சரி.

பராமரிப்பில் ஒன்றை நினைவில் வையுங்கள். தலைப்புக் கோப்புகள் மட்டும் என்பதால், சர்வரில் தொகுப்பைப் புதுப்பித்தாலும் ஏற்கெனவே கட்டிய நிரல் பழைய குறிநிரலோடுதான் ஓடும், மறுபடி கட்டவேண்டும். எந்த விடை எந்தப் பதிப்பில் வந்தது என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறோம்.

உரிமம் பகுதிக்குப் பகுதி மாறும். அடிப்படைப் பகுதிகளுக்கு எல்ஜிபிஎல் என்ற தளர்வான திறமூல உரிமம், அவற்றின்மேல் கட்டப்பட்ட பெரும்பாலானவற்றுக்கு ஜிபிஎல் என்ற கண்டிப்பான உரிமம். நமக்குள்ளேயே சர்வரில் ஓட்டத் தடையில்லை. நிரலை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதென்றால் குறிநிரலையும் தரவேண்டும், அல்லது ஜியோமெட்ரி ஃபேக்டரி நிறுவனத்திடம் வணிக உரிமம் வாங்கவேண்டும்.

2024-இல் வந்த 6.0 பதிப்புக்கு சி++ மொழியின் 2017 தரமான சி++17 வேண்டும். சில செயல்பாடுகள் பூஸ்ட் வகைகளுக்குப் பதில் சி++ இன் சொந்த வகைகளைத் திருப்பித் தருவதால் பழைய நிரல் அப்படியே கம்பைல் ஆகாது. புதிய சரிவுகளை 6-இல் தொடங்குகிறோம். முன்பே கண்காணித்துவரும் சரிவுகள் 5.6-லேயே தனி டாக்கரில் (பழைய பதிப்பைத் தனியே பிரித்து ஓட்டும் பெட்டியில்) இருக்கின்றன.