பழைய ரெட்டைக்குழல் ரைபிளுக்குத் தோட்டா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாட்டா காலத்துத் தோக்கு இருக்கிற வீடுகள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் சில உண்டு, குலசேகரம், கீரிப்பாறை பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் குடும்பங்களில். லைசென்ஸை வாரிசுப் பெயருக்கு மாற்றி முறையாக வைத்திருக்கிற அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 35,000 ரூபாய் போனது. கண்ணோ கையோ போகாமல் இருந்தது ஒரு வயதான மேஸ்திரியின் புண்ணியம்.

எங்கள் வீட்டில் இருப்பது .450/400 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவுக்கான ரெட்டைக்குழல், தோட்டா உட்காருகிற அறை 3 இஞ்ச் தோட்டாவுக்கானது. பாட்டா ரப்பர் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை, அப்போது நம்ம ஊர் திருவிதாங்கூர். துரை கப்பலேறும்போது பாட்டாவிடம் விட்டுப்போனது, முதல் லைசென்ஸே மலையாளத்தில்தான் இருக்கும். வீட்டில் எல்லாரும் அதை ஆனைத்தோக்கு என்போம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு இங்கே காட்டில் வேலை இல்லை, எனக்கும் அந்த ஆசை கிடையாது. அப்பா போன பிறகு என் பெயருக்கு வந்தது. அனுமதி உள்ள ரேஞ்சில் நாலு தோட்டா சுட்டு, குழல் இரண்டும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

இந்தத் தோட்டா இங்கே எந்தக் கடையிலும் சும்மா கிடைப்பதில்லை. வெளியூரில் லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சிவப்பும் மஞ்சளுமாகப் கைநாக் என்ற தோட்டாக் கம்பெனியின் பழைய பெட்டி, மூலை நைந்து, பார்த்தாலே நம்பத் தோன்றும். ஒரு தோட்டா 3,500 என்று பத்து. "தம்பி, 400 போர்தானே? எல்லாம் ஒண்ணுதான். சிலதுல குண்டு கொஞ்சம் இளசா இருக்கும், தோளுக்குச் சுகம்" என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து மேலாகப் பார்த்தேன், பத்து இருந்தது, லைசென்ஸில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

துப்பாக்கி பழுது பார்க்கிற மேஸ்திரியிடம் கொண்டுபோனபோது அவர் தோட்டாவைத் தொடவே இல்லை. முதலில் குழலைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அடியில் தட்டையாக இருக்கிற இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். கடுகு அளவு எழுத்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து 60 கிரெயின், குண்டு 400 கிரெயின் (கிரெயின் என்பது மருந்தையும் குண்டையும் நிறுக்கிற அளவு) என்று இங்கிலாந்தில் சோதித்த காலத்திலேயே அடித்திருந்தது. இத்தனை வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான், ஒரு நாளும் அதைப் படித்ததில்லை.

ரெட்டைக்குழலில் குண்டின் எடை நாம் கடையில் தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒற்றைக்குழல் ரைபிளில் எடை மாறினால் பார்வைக் குறியைத் திருத்திக்கொள்ளலாம். இதில் இரண்டு குழலையும் லேசாகச் சாய்த்து ஒட்டி, ஒரே எடை, ஒரே வேகம் உள்ள தோட்டாவைச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழுகிற மாதிரி இணைத்திருப்பார்கள். 400 கிரெயின், நொடிக்கு ஏறக்குறைய 2,100 அடி வேகம், இதற்குத்தான் அது பிறந்தது. இளசான, அதாவது எடை குறைந்த குண்டு போட்டால் வலது ஒரு பக்கம், இடது ஒரு பக்கம். ஆப்பிரிக்காவில் சட்டப்படி எருமை வேட்டைக்குப் போகிறவர்கள் கனத்த குண்டில் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே விட்டத்தில் எடை கூடக்கூடக் குண்டு நீளும், தோள் எலும்பில் பட்டாலும் நேராக உள்ளே போகும். இளசு பாதியில் சிதறிவிடும், அப்புறம் காயம்பட்ட எருமை எதிரே நிற்கும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பத்தையும் மேசையில் நிமிர்த்தி வரிசையாக வைத்தார். வைத்த உடனே எனக்கே தெரிந்தது, நாலு தோட்டாவின் பித்தளைக் கூடு மற்றதைவிட உயரம். அது 3¼ இஞ்ச், அதாவது 82.5 மில்லி, என்னுடையது 76. இரண்டுக்கும் .450/400 என்றுதான் பெயர், ஆனால் வேறு வேறு தோட்டா, விளிம்புத் தடிப்புகூட வேறு. நீளமானதுதான் மூத்தது, கரிமருந்துக் காலத்தில் வந்தது. கார்டைட் போட்டபோது அந்தப் பித்தளை வெயில் நாடுகளில் அறையில் சிக்கிக்கொண்டதால்தான் ஜெஃப்ரி என்ற துப்பாக்கிக் கம்பெனி குட்டையாக்கி, விளிம்பைத் தடியாக்கி 3 இஞ்சைக் கொண்டுவந்தது. நீளமான தோட்டாவை 3 இஞ்ச் அறையில் போட்டு, மூடவில்லையே என்று யாராவது தோக்கைத் தட்டி மூடினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. 3¼ இஞ்ச் அறை உள்ள கரிமருந்துத் தோக்கில் கார்டைட் தோட்டாவைப் போட்டாலும் அதே கதிதான்.

நம் நாட்டில் இந்த எண் குழப்பம் கூடுதல். 1907இல் பிரிட்டிஷ்காரர்கள் .450 குண்டுக்கு இங்கே தடை போட்டார்கள், கலகக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினி ஹென்றி ரைபிளுக்கு அது உதவிவிடும் என்று. அதைச் சுற்றிப்போகத்தான் .465, .470 தோட்டாக்கள் எல்லாம் பிறந்தன. வாங்குகிறவனுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், விற்கிறவனுக்கு அது வசதி.

மிச்சம் ஆறும் 3 இஞ்ச்தான். அதில் மூன்றின் கழுத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு, பச்சைக் களிம்பு, குண்டின் ஓரத்தில் குறடு பிடித்த தழும்பு. யாரோ கழற்றி மறுபடி அடைத்திருக்கிறார்கள். தெரிந்த பொற்கொல்லர் தராசில் அந்த ஆறையும் வைத்தோம். குண்டு மட்டும் 400 கிரெயின் என்றால் 25.9 கிராம், மூணேகால் பவுனுக்கு மயிரிழை குறைவு. தழும்பு உள்ள மூன்றும் மற்றதைவிட ஆறு கிராமுக்கு மேல் குறைந்தது. கிட்டத்தட்ட 100 கிரெயின்! பித்தளையில் இவ்வளவு வித்தியாசம் வராது என்றார் மேஸ்திரி. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்குத் திட்டினார், நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

வியாபாரியிடம் போனேன். "லைசென்ஸ்ல ஏறிட்டு தம்பி, திரும்ப எடுக்க முடியாது" என்று ஒரே பேச்சு. பணத்தைப் பற்றிக்கூட நான் கேட்கவில்லை, இதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியில் பெயர் உள்ள கம்பெனி மேல் தப்பில்லை, அவர்கள் பெட்டிக்குள் வேறு யாரோ கைவைத்தது இது. பத்தையும் எழுத்தில் கொடுத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வாங்கப் போனால் குழல் அடியில் உள்ள எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு வெர்னியர் காலிபர், ஒரு சின்னத் தராசு. ஒவ்வொன்றையும் அளந்து, நிறுத்து, அப்புறம்தான் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டுங்கள். அளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். நான் வாங்கிய பெட்டியின் லேபிளில் நீளம் அச்சிட்ட இடத்தில் மட்டும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதே மாதிரி டேப் ஒட்டிய பெட்டி இன்னும் இரண்டு அவர் அலமாரியில் இருந்ததை நான் பார்த்தேன்.