ஸ்டெப்டோ அண்ட் சன்: பிரியவும் முடியாத, ஒத்துப்போகவும் முடியாத அப்பாவும் மகனும்

கறுப்பு வெள்ளைக் காலத்து பிரிட்டிஷ் சிரிப்புத் தொடர் என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள். பிபிசியில் 1962 முதல் 1974 வரை, நடுவில் சில ஆண்டு இடைவெளியோடு வந்த இந்தத் தொடரை நான் எவருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு காயலான் கடை, அதிலேயே வீடு. அப்பா ஆல்பர்ட், மகன் ஹெரால்ட், வண்டி இழுக்க ஹெர்குலிஸ் என்று ஒரு குதிரை. மகன் தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் வாங்கி வருவான், கிழவர் வீட்டில் இருந்தபடி நொட்டை சொல்வார். ஹெரால்டுக்கு நாலு புத்தகம் படிக்க வேண்டும், நல்ல இடத்து மனிதர்களோடு பழக வேண்டும், எப்படியாவது அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவன் வாசல்படி தாண்டப் போகிற நேரம் பார்த்து அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

முதல் கதையான ‘தி ஆஃபர்’ ஒன்றே போதும். மகன் தன் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றிவிடுகிறான், ஆனால் குதிரை கிடையாது. தானே இழுத்துப் பார்க்கிறான், வண்டி நகரவில்லை, அப்படியே உடைந்து அழுகிறான். அந்த அழுகை நிஜமாக இருக்கிறது. எழுதிய ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் நகைச்சுவைக்காரர்களைத் தேடாமல் நாடக நடிகர்களைப் பிடித்ததன் பலன் இது. அப்பாவாக வரும் வில்ஃப்ரிட் பிராம்பெல், மகனாக வரும் ஹாரி எச். கார்பெட்டைவிட 13 வயதுதான் மூத்தவர், பார்த்தால் நம்பவே முடியாது!

அப்புறம் 1972-இல் வந்த ‘டிவைடட் வி ஸ்டாண்ட்’. பொறுக்க முடியாமல் ஹெரால்ட் வீட்டை நடுவில் தடுத்துச் சுவர் எழுப்புகிறான், தொலைக்காட்சிப் பெட்டிகூட ஆளுக்குப் பாதி. அதே ஆண்டின் ‘தி டெஸ்பரேட் அவர்ஸ்’ கதையில் சிறையிலிருந்து தப்பிய இரண்டு பேர் உள்ளே நுழைகிறார்கள், திருட அங்கே ஒன்றுமே இல்லை.

எல்லாக் கதையும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். 1970 முதல் வண்ணத்தில் எடுத்ததிலும் பல கதைகள் இன்று கறுப்பு வெள்ளையில்தான் கிடைக்கின்றன. லண்டன் பேச்சு வேகமானது, ஆங்கில சப்டைட்டில் இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் கிழவரின் முணுமுணுப்பில் பாதி போய்விடும்.