போட்டோஷாப் மந்தமானால்: ஸ்கிரிப்டா, எக்ஸிஃப்டூலா?

நான்கே லேயர் கொண்ட ஒரு பேனர். சேமிக்கக் கொடுத்தால் பாதியில் அப்படியே நின்றுவிடும். ரேமைக் கூட்டினேன், போட்டோஷாப் தற்காலிகமாக இடம் எடுத்துக்கொள்ளும் ஸ்க்ராட்ச் டிஸ்கை மாற்றினேன், பலனில்லை. அப்புறம்தான் ஃபைல் இன்ஃபோவைத் திறந்து ‘ரா டேட்டா’ பக்கத்தைப் பார்த்தேன். ‘டாகுமென்ட் ஆன்செஸ்டர்ஸ்’ என்பதன் கீழே ஒரே சாயலில் நீள நீளமான அடையாள எண்கள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன.

வேறொரு கோப்பிலிருந்து எதையாவது காப்பி செய்து ஒட்டினால் அந்தக் கோப்பின் அடையாள எண் இங்கே பதிவாகும். அது ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த பட்டியலும் கூடவே வந்து சேரும். ஓர் எண்ணுக்குச் சுமார் 60 பைட். லட்சம் எண்கள் சேர்ந்தால் 6 எம்பி. அதில் படம் என்று ஒரு பிக்சல்கூட இருக்காது.

புதுக் கோப்பு திறந்து லேயர்களை அதற்கு மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம், பட்டியலும் பின்னாலேயே வந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டாவுக்கு, அதாவது படத்தோடு சேர்ந்து பதிவாகும் இதுபோன்ற தகவல்களுக்கு, ‘நன்’ (எதுவும் வேண்டாம்) கொடுப்பது வெளியே அனுப்பும் ஜேபெக்குக்குச் சரி. மூலக் கோப்பு அப்படியேதான் இருக்கும்.

ஆக, மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, போட்டோஷாப்புக்குள் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட். திறந்திருக்கும் கோப்பின் எக்ஸ்எம்பி தகவலை (மெட்டாடேட்டாவை எழுதிவைக்கும் அடோபியின் வடிவம்) எடுத்து, அந்த ஒரு பட்டியலை மட்டும் நீக்கித் திரும்ப வைக்கும். ஸ்கிரிப்ட் ஈவென்ட்ஸ் மேனேஜரில் இணைத்துவிட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தானே ஓடும். மற்றொன்று எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி எழுதிய இலவசக் கருவி. போட்டோஷாப்பைத் திறக்காமலே, கட்டளையைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனிலிருந்து வேலை செய்யும்.

நான் எக்ஸிஃப்டூல் பக்கம். இந்தக் குப்பை திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் காரணம். முதல் முறை ஸ்கிரிப்டை வைத்து அந்த பேனரைச் சுத்தம் செய்தேன், பறந்தது. சில நாளில் மறுபடி அதே மந்தம். பழைய டெம்ப்ளேட் ஒன்றிலிருந்து ஒரு பட்டனை எடுத்து ஒட்டியிருந்தேன். அது தன் பட்டியல் முழுவதையும் கொண்டுவந்து இறக்கியிருந்தது. ஒரு கோப்பைத் துடைத்து என்ன பயன், பக்கத்துக் கோப்பில் அழுக்கு இருக்கும்போது? ஸ்கிரிப்ட் தொடுவது நாம் திறக்கும் கோப்பை மட்டும்தான். மந்தமான கோப்பு திறக்கும்வரை காத்திருந்துதான் அதையும் செய்ய வேண்டும். எக்ஸிஃப்டூலிடம் டெம்ப்ளேட், ஐகான், பழைய வேலை என்று மொத்த ஃபோல்டரையும் காட்டிவிடலாம். உள்ஃபோல்டர்களுக்குள்ளும் நுழைந்து நீக்கும். மூலக் கோப்பை, பெயரில் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துப் பக்கத்திலேயே வைத்திருக்கும். துடைத்த கோப்பைத் திறந்து சரிபார்க்கும்வரை அதை அழிக்காதீர்கள்.

கவனம் ஒன்று முக்கியம்: அந்த ஒரு பட்டியலை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். எல்லா மெட்டாடேட்டாவையும் நீக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஜேபெக்கில் கலர் ப்ரொஃபைல் போய் நிறம் மாறலாம், சுழற்சித் தகவல் போய்ப் படம் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம், படம் எடுத்தவரின் பெயரும் காப்புரிமையும் காணாமல் போகும்.

ஸ்கிரிப்ட் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது கோப்புக்குள் இருக்கும் இன்னொரு கோப்பு. அதற்கும் தனிப் பட்டியல் இருக்கும். எக்ஸிஃப்டூல் அதற்குள் போகாது. ஒவ்வொன்றாகத் திறந்து துடைக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கைந்து அடுக்கு இருக்கும் கோப்புகளில் நான் அதை அதிகம் ஓட்டிப் பார்த்ததில்லை. இல்லஸ்ட்ரேட்டர் கோப்புக்கும் எக்ஸிஃப்டூலை நம்ப வேண்டாம். அவற்றின் அடிப்படை பிடிஎஃப். அதில் பழைய தகவலை அழிக்காமல் மாற்றத்தைக் கடைசியில் சேர்க்கும் என்பதால் அளவு குறையாது.

எக்ஸிஃப்டூலை ஓட்டும் முன் போட்டோஷாப்பை மூடிவிடுங்கள். திறந்தே இருக்கும் கோப்பை அப்புறம் சேமித்தால், நீக்கிய பட்டியல் மொத்தமும் திரும்ப எழுதப்பட்டுவிடும்.